வண்டிக்கு மெருகும் காப்பும்



மோட்டார் வண்டியின் வர்ணப் பூச்சை வீட்டு முற்றத்திலேயே மெருகிட்டுக் காப்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சிறிது நேரம் உங்களுடன் பேச விழைகின்றேன். பாடசாலை அதிபர் ஒருவருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் வியக்கக்கூடும். நான் பல்கலைக்கழகத்திற் பயின்றவை தமிழும் வரலாறும். இயந்திரக் கலையை நான் அறியேன். எனினும் வண்டியின் மேற்பூச்சைப் பேணுவதற்கு இயந்திரக் கலை வேண்டுவதில்லை. பொறுமையும், இரண்டு வாளி சுத்தமான தண்ணீரும், எதைச் செய்யலாகாது என்னும் தெளிவும் இருந்தாற் போதும். இம்மூன்றில் இறுதியாகக் கூறியதே அரிதாகக் காணப்படுவது. ஆதலின் என் பேச்சிற் பெரும்பகுதியும் அதைச் சார்ந்தே அமையும்.

நமது நாட்டிலே நடுத்தரக் குடும்பமொன்றுக்கு மோட்டார் வண்டி, நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளும் பொருளன்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அதற்கு முன்னர் வந்திறங்கிய ஒஸ்டின், மொரிஸ் வண்டிகள் பல குடும்பங்களுக்குத் தலைமுறைச் சொத்தாயின. 1990களிலே பெற்றோல் வர வழியில்லாதிருந்த யாழ்ப்பாணத்திற் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவையும் அவ்வண்டிகளே. அண்மைக் காலத்தில், 2020 மார்ச் மாதந் தொடக்கம் ஏறத்தாழ ஐந்து வருடம் தனியார் வண்டி இறக்குமதி நின்றுபோயிருந்தது. 2025ஆம் ஆண்டில் வழி திறந்தபோதும், வரியோடு கூடிய விலை சம்பளக்காரர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவில்லை. ஆகவே, இன்று நம் முற்றத்தில் நிற்கும் வண்டி இன்னும் பதினைந்து இருபது வருடம் அங்கேயே நிற்கப்போகிறது என்ற எண்ணத்துடனேயே அதன்மேற் கைவைத்தல் வேண்டும். இயந்திரத்தில் ஒரு பாகம் பழுதானால் வேறொன்றை வாங்கிப் பூட்டலாம். தொழிற்சாலைச் சூளையிலே சுட்டு உலர்த்திய முதற் பூச்சைத் தேய்த்து இழந்துவிட்டாலோ, அதனை அதே தரத்தில் மீளப் பெறுதல் எளிதன்று.

மெருகு என்று நாம் கூறுவது யாது? அசையாத கிணற்று நீரை எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. வாளி விழுந்து அலை எழும்பினால் முகம் சிதறிப்போகிறது. நீர் மாறவில்லை, அதன் மேற்பரப்பே மாறியது. வண்டியின் வர்ணமும் அத்தகையதே. புதிய வண்டியின் மேற்பரப்புச் சமதளமாயிருத்தலால் ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. காலப்போக்கில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்கள் அதில் விழுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு திசையிற் சிதறடிப்பதால் வண்டி மங்கித் தோன்றுகிறது. வெயிலில் நிற்கும் கறுத்த வண்டியின் பொனற்றைச் சற்றே சாய்ந்து பாருங்கள். சூரியனின் பிரதிபிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டங்கள் தெரியும். அவைதாம் நான் குறிப்பிடும் கீறல்கள்.

இக்கீறல்களை நீக்குவது எவ்வாறு? பலர் நினைப்பது, தகரத்திலோ போத்தலிலோ வரும் ஏதோவொரு பசையைப் பூசினால் அப்பசை பள்ளங்களை நிரப்பிப் பளபளப்பை வருவிக்கும் என்பதே. மெழுகுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் மெருகுப் பசையும், கடைகளில் 'ரபிங் கொம்பவுண்ட்' என விற்கப்படுவதும் வேறு வகையின. அவற்றினுள்ளே மாவினும் நுண்ணிய அரத்தூள் இருக்கிறது. அது கீறலின் பள்ளத்தை மேலே தூக்குவதில்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை அராவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கீழிறக்குகிறது. எனவே, மெருகிடும் ஒவ்வொரு தடவையும் வண்டியிலிருந்து சிறிது வர்ணத்தை எடுத்தே விடுகின்றோம்.

எடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்தால் நம் கை தானாகவே தயங்கும். இக்கால வண்டியொன்றில் அடிப்பூச்சு, வர்ணம், அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஆகிய யாவும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்றே அதிகம். நாம் எழுதும் கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு அது. அதிலும் நாம் தேய்க்க இடமுள்ள தெளிபூச்சு, அத்தாளின் பாதிக்கு மேற்படாது. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்துக் கீழுள்ள நிறத்தைக் காப்பது அவ்வரைத்தாள் தடிப்பே. மை அழிக்கும் இறப்பரால் பிழையை அழித்தழித்துக் கொப்பித் தாளைத் துளைத்துவிடும் மாணவரை வருடந்தோறும் காண்கிறேன். பிழை போய்விட்டது என்று அப்பிள்ளை காட்டும் இடத்திலே தாளும் போயிருக்கும்.

நமது வீடுகளிலே குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டு வருடாவருடம் துலக்குகின்றோம். தேய்த்தவிடத்து மேலும் பித்தளை இருப்பதால் அது தாங்குகிறது. முலாம் பூசிய பாத்திரத்தை எவரேனும் சாம்பலிட்டுத் துலக்குவரா? வண்டி முலாம் பூசிய பாத்திரம். ஆனால் அதனைக் குத்துவிளக்காக எண்ணித் தேய்ப்போரே மிகுதி. எங்கள் அயலில் ஒருவர், விழாக் காலங்கள் ஒவ்வொன்றுக்கும் தம் வெள்ளி நிற வண்டியைச் சுழலும் இயந்திரங் கொண்டு மெருகிடுவித்து வந்தார். ஆறாம் வருடம் பொனற்றின் விளிம்பிலும் கூரையின் மடிப்பிலும் தேமல் போன்று வெளிறிய திட்டுக்கள் தோன்றின. அவ்விடங்களிலே தெளிபூச்சு தீர்ந்துவிட்டது. எந்தப் பசையும் அதனை மீட்டுத் தராது. மறுபடி வர்ணம் அடிப்பதே வழி. வண்டியைக் கவனியாது விட்டவர் அல்லர் அவர். எங்கள் ஒழுங்கையிலே தம் வண்டியை அத்துணை அன்பாகப் பார்த்தவர் பிறர் இல்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுதல் நன்று. மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலே குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே அதற்கும் பூசினர். பூசி உலர வாரக்கணக்காயிற்று. அமெரிக்காவிலே டியூபொன்ட் கம்பனியார் உருவாக்கிய டியூக்கோ என்னும் விரைந்துலரும் வர்ணத்தை ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் வண்டிகளுக்கு நீல நிறத்திற் பூசிய பின்னரே அந்தத் தாமதம் நீங்கியது. அதன் பின்னர் நெடுங்காலம் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலேயே இருந்தன. நிறத்தின்மேல் தனியாகத் தெளிபூச்சு இடும் வழக்கம் 1980களிலேதான் பரவலாயிற்று. உங்கள் வண்டி எவ்வகையினது என அறிய, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியிற் சிறிது மெருகுப் பசை இட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது பழைய ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிடின் மேலே தெளிபூச்சு உண்டு. பழைய ஒஸ்டின் வண்டிகளிற் சுண்ணாம்புபோல் வெளுத்து நிற்பது வெயிலில் மடிந்த மேற்படையே. அதனை மெல்லக் களைந்தால் உள்ளிருந்து முதல் நிறம் வெளிப்படும். அவ்வாறு வெளிப்படுவதைக் காண்பது ஓர் இன்பந்தான். அந்த இன்பத்தை அடிக்கடி நுகர முடியாது என்பதை மாத்திரம் மறக்கலாகாது.

இனிக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். முள் வேலியும் சிறுவரின் துவிச்சக்கர வண்டியும் செய்பவை சில. மிகப் பெரும்பாலானவை நாம் துடைக்கும்போதே விழுகின்றன. செம்மண் புழுதி படிந்த வண்டியை, காலையில் அவசரமாகப் பழைய சாரத் துண்டினால் உலரத் துடைக்கும் காட்சி நம்மிடையே சாதாரணம். அப்புழுதியிற் படிகக்கல் மணல் கலந்திருக்கிறது. அது வர்ணத்தினும் பன்மடங்கு கடினமானது. உலர்ந்த துணியோடு அதனைச் சேர்த்துத் தேய்ப்பது மணற்கடதாசியினால் தேய்ப்பதையே ஒக்கும். புழுதி படிந்த வண்டியோடு வேலைக்குப் போவதனால் மானம் ஒன்றும் போய்விடாது. தண்ணீர் கிடைக்கும் வரையில் அதனைத் தொடாது விடுவதே பண்பு.

கழுவும் முறை இதுவே. அதிகாலையிலோ மாலையிலோ வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு குளிர்ந்த பின்னர் தொடங்குக. முதலிலே தண்ணீரை மாத்திரம் தாராளமாக ஊற்றிப் புழுதியை ஓடவிடுக; இவ்வேளை கையோ துணியோ படலாகாது. பின்பு இரு வாளிகளை வைத்துக்கொள்க. ஒன்றில் வண்டிக்கென விற்கப்படும் சம்பூ கலந்த நீர். மற்றையதில் வெறும் நீர். துணியைச் சம்பூ நீரில் தோய்த்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கிச் சிறிதளவு கழுவியதும், வெறும் நீரில் அலசி அழுக்கைப் போக்கிய பின்னரே மீண்டும் சம்பூ வாளியிற் தோய்க்க வேண்டும். ஒரே வாளியைப் பயன்படுத்துவோர், கூரையில் எடுத்த மணலைக் கதவிற் கொண்டுபோய்த் தேய்க்கின்றனர். சக்கரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் வேறு துணி வைத்துக்கொள்க. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூள் வேண்டாம். அது பழைய காப்பையும் கரைத்து இறப்பர் விளிம்புகளையும் வெளுக்கச் செய்யும். பாத்திரம் கழுவும் திரவத்தை, பழைய மெழுகை வேண்டுமென்றே நீக்க விரும்பும் நாளில் மாத்திரம் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் அக்கணம் மினுங்குவது மெய்யே. மாலைக்குள் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும் என்பதும் மெய்யே.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நேயர்களுக்கு ஒரு சொல். நமது கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவது அதனாலேயே. அந்நீர் வண்டியின் மேலே உலர்ந்தால் வட்ட வட்டமான சுண்ணத் தழும்புகள் நிலைத்துவிடும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆவணியிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகின்றான். அந்நாட்களில் முற்பகல் பத்து மணிக்குக் கழுவத் தொடங்கினால், பின்பக்கத்தைக் கழுவி முடிக்குமுன் முன்பக்கம் உலர்ந்துவிடும். கழுவிய உடனேயே தடித்த மைக்ரோபைபர் துவாயினால் நீரை ஒற்றி எடுத்துவிடுக. புதிதாக விழுந்த தழும்பாயின் வினாகிரியிற் பாதி, நீர் பாதி கலந்து துடைத்து உடனே நல்ல நீரால் அலசினால் நீங்கிவிடும். பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கத்தார் உப்புக் காற்றையும் நினைவிற் கொண்டு, வண்டியின் அடிப்பாகத்தையும் கிழமைக்கு ஒருமுறை நீர் பாய்ச்சிக் கழுவுதல் நலம்.

கழுவி உலர்த்திய வண்டியின்மேல், மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். மரப்பிசின், தார்த் துளி, இரும்புத் துகள் முதலியன பூச்சில் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. இதற்கென விற்கப்படும் மெழுகுக் களிமண் கட்டியைச் சம்பூ நீர் தெளித்து வழுக்கலாக்கிய இடத்தில் மெல்ல உருட்டினால் அவையாவும் அதில் ஏறிக்கொள்ளும். களிமண் நிலத்தில் விழுந்துவிட்டால் காசைப் பாராமல் எறிந்துவிடுக. அதிலே ஒட்டிய மணல் வண்டியைக் கீறும்.

பல வண்டிகளுக்கு இந்நிலையிலேயே நிறுத்திக்கொண்டு நேரே காப்புப் பூச்சுக்குப் போய்விடலாம், மெருகிடுதல் தேவையில்லை. இதுவே என் உறுதியான கருத்து. கீறல்கள் மிகுந்து மெருகு வேண்டியே இருப்பின், பின்வருவனவற்றைக் கவனிக்க. ஒரு கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது நகம் இடறுமாயின் அது மெருகினால் தீராதது; விட்டுவிடுக. கதவு விளிம்பு, தகட்டின் மடிப்பு, இறப்பர், பிளாஸ்ரிக் ஆகியவற்றை வர்ணம் அடிப்போர் பயன்படுத்தும் 'மாஸ்கிங் ரேப்' கொண்டு மறைத்துக்கொள்க. விளிம்புகளிற் பூச்சு எப்போதும் மெல்லியது. கடையிற் கிடைப்பவற்றுள் மிக மென்மையான பசையை வாங்கி ஒரு சதுர அடியில் சோதித்துப் பார்க்க. அது போதுமாயின் வன்மையானதைத் தேடற்க. நுரைத் திண்டில் கடலையளவு பசை இட்டு, இரண்டடிச் சதுரமாகப் பிரித்து, நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாகத் தேய்த்துத் துடைத்துவிடுக. கையினாற் செய்வோர் களைத்துப்போவரேயன்றி வர்ணத்தைத் துளைத்துவிடமாட்டார். களைப்பே இங்கே ஒரு காவல். இயந்திரத்தை விரும்புவோர் அதிர்ந்து சுழலும் வகையை வாங்குக. ஒரே அச்சிற் கடுகிச் சுழலும் வகை ஓரிடத்திற் சில விநாடி நின்றாலும் சூடேறி விளிம்பைச் சுட்டுவிடும்; அது தொழில் பயின்றோர் கைக்கு உரியது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் வேண்டிய இடத்தில் மாத்திரம், என்ற அளவில் மெருகிட்டால் வண்டியின் ஆயுள்வரை பூச்சு நிற்கும்.

இனிக் காப்பு. நூல் செய்த முன்னோர் காப்புச் செய்யுளை நூலின் தலையில் வைத்தனர். நமது வேலையில் அது கடைசியில் வருகிறது. மெருகு எடுப்பதாயின், காப்பு இடுவது. அதனை எத்தனை தடவை இட்டாலும் வர்ணம் குறைவதில்லை. வெயிலும் நீரும் உப்பும் முதலில் தாக்குவது இந்த மெல்லிய படையை. அது தேய்ந்தபின் புதிதாய் ஒன்றை இடலாம்.

காப்புகளில் நெடுங்காலப் புகழ் பெற்றது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அப்பனையும் நமது பனையும் தாவரவியலார் கணக்கில் ஒரே உபகுடும்பத்தைச் சேர்ந்தவை. ஓலையும் விசிறிபோல விரிவதே. வறண்ட நிலத்தில் நீர் ஆவியாகாதவாறு தன் ஓலைமேல் அம்மரம் பூசிக்கொள்ளும் மெழுகையே, ஓலையை உலர்த்தி அடித்து உதிர்த்தெடுக்கின்றனர். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகிவிடும். இதுவோ 82 பாகைக்கு மேலேதான் உருகும். வெயிலிற் கைவைக்க முடியாதவாறு கொதிக்கும் பொனற்றின்மேல் இது நிற்பதன் காரணம் அதுவே. எனினும் நமது மழைக்கும் வெயிலுக்கும் ஓரிரு மாதத்துக்கு மேல் தாங்காது. செயற்கைப் பல்பகுதியங்களாலான திரவக் காப்புகள் நான்கைந்து மாதம் நிற்கும். எந்த வகையாயினும் மிக மெல்லிதாகப் பூசி, போத்தலிற் சொல்லிய அளவு நேரம் காயவிட்டு, புதிய மைக்ரோபைபர் துணியாற் துடைப்பதே முறை. தடிப்பாகப் பூசுவோர் துடைத்தெறிவதற்கே பணம் கொடுக்கின்றனர்.

இன்று 'செரமிக்' என்னும் பெயரைக் கூறாத விளம்பரம் இல்லை. சிலிக்காவை அடியாகக் கொண்ட இத்திரவம் காய்ந்து கடினமாகி, நன்கு இட்டால் ஒரு வருடமும் அதற்கு மேலும் நிற்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் அடியில் இருக்கும் கீறலையும் தழும்பையும் அப்படியே வைத்து மூடிவிடும். புழுதியற்ற கூரையடியில் இடவேண்டும். துடைக்கத் தாமதித்த கோடு மீண்டும் அராவினாலன்றிப் போகாது. முற்றத்து மாமர நிழலில் வேலை செய்யும் நம் போன்றோர்க்கு வருடம் மூன்று தடவை இடும் சாதாரண காப்பே ஏற்றது என்று கருதுகின்றேன். புதிதாக வர்ணம் அடிப்பித்த வண்டிக்கு எந்தக் காப்பையும் உடனே இடற்க. உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற ஓரிரு மாதமேனும் வேண்டும், அடித்தவரையே கேட்டுக்கொள்க.

காப்பு இட்ட பின்னரும் காகமும் வௌவாலும் தம் வேலையைச் செய்தே தீரும். பறவை எச்சத்திலுள்ள அமிலம், வெயிலில் இளகிய பூச்சை ஒரே பகலிற் பொறித்துவிடும். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டலாகாது. ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துப் பின் தூக்கி எடுத்துவிடுக. இதற்காக ஒரு போத்தல் தண்ணீரையும் துணியொன்றையும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்ல பழக்கம்.

காப்பு இன்னும் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று அறிய நாட்காட்டி வேண்டாம். தாமரை இலையில் நீர் ஒட்டாதிருப்பதை நம் நாட்டார் எக்காலத்திலோ பழமொழியாக்கி வைத்தனர். அவ்விலையின் மெழுகுப் படிகங்களும் நுண்ணிய மேடுகளும் சேர்ந்தே நீரை முத்தாகத் திரட்டி அழுக்கையும் உருட்டிச் செல்கின்றன என்பதை ஜேர்மனியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் முதலியோர் 1997இல் விளக்கி எழுதினர். அடுத்த மழையின்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். கூரைமேல் நீர் முத்துமுத்தாகத் திரண்டு உருளுமாயின் காப்பு இருக்கிறது. முத்துகள் குலைந்து நீர் பாய்போல் விரிந்து கிடக்குமாயின், நன்றாகக் கழுவிய பின்னரும் அவ்வாறே கிடக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் விரிந்தே கிடந்தால், மழை விட்டு வண்டி உலர்ந்ததும் மெழுகுத் தகரத்தை எடுக்கலாம். மெருகுப் பசைத் தகரம் அலுமாரியிலேயே இருக்கட்டும்.